எங்கள் ஓடைத் தடுப்பணை: ஏணியா, சரிவா, கயிறா?

நீலகிரிக் கூடலூரிலிருந்து நிலம்பூர்ப் பக்கம் இறங்கும் மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கு மேலே ஓடும் ஓடையில் ஒரு பழைய தடுப்பணை. உயரம் 1.8 மீட்டர். அறுபது வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இங்கிருந்துதான் வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழையில் அணையின் இடது ஓரம் பெயர்ந்துபோனது. அன்றிலிருந்து மணல் மூட்டைதான் அடைப்பு. இப்போது திருப்பிக் கட்டப் பணம் வந்திருக்கிறது. கூடவே வந்த வரைபடம், கட்டுகிற கையோடு அணையை அரை மீட்டர் உயர்த்திவிடலாம் என்கிறது.

குடிநீர்க் குழுவில் நானும் ஒருத்தி. அந்த வரைபடத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காரணம், போன வருஷம் ஜூன் மாதம் பார்த்த ஒரு காட்சி.

முதல் பெருமழை பெய்து இரண்டாம் நாள் இரவு. பக்கத்து வீட்டு மாமா டார்ச்சோடு வந்து கூப்பிட்டார். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் அப்பா காலத்து மனிதர் அவர். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னமும் பெண்பிள்ளைகளை "மகள்" என்றே கூப்பிடுகிற சிலரில் ஒருவர். அணையின் அடிக்குப் போனோம். தண்ணீர் வழியும் நடுப்பகுதியை விட்டுவிட்டு, பாசி படிந்து கசிகிற ஓரத்தில் வெளிச்சம் அடித்தார். சுவரில் கரிய நூல் ஒட்டினாற்போல் ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தால், ஒரு சாணுக்குக் குறைவான விலாங்குக் குட்டிகள். ஐந்து எண்ணினேன். வயிற்றைச் சுவரோடு அப்பி, உடம்பை எஸ் போல் வளைத்து, பாசியில் முட்டுக்கொடுத்து ஏறுகின்றன. இடுப்பு உயரம் வந்ததும், சிமென்ட் பூச்சு வழவழவென்று இருக்கிற இடத்தில், ஒன்று நழுவிச் சொத்தென்று கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி ஏறத் தொடங்கியது. அதே குட்டிதானா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏறியது.

"மேல கயத்துல அந்தக் காலத்துல கை தண்டி விலாங்கு கெடக்கும் மகள். இந்தச் சொவரு வந்ததுக்கப்புறம் கண்ணுல பட்டதே இல்ல" என்றார் மாமா. கயம் என்பது ஓடையின் ஆழமான மடு.

அதன் பிறகு ஒரு வருஷமாகக் கேட்டதும் படித்ததும் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. தங்கள் ஊர் ஓடையில் அணை கட்டவோ பழுது பார்க்கவோ இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில், அந்தக் குட்டிகள் எங்கிருந்து வந்தன?

விலாங்கு வேறு, ஆரல் வேறு. சந்தையில் இரண்டையும் ஒன்றாகப் பேசுவார்கள். முதுகில் முள் வரிசை உள்ள ஆரல் நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே சாகும். விலாங்கு கடலில் பிறக்கிறது. ஆழ்கடலில் முட்டை பொரிந்து, வேப்பிலை போலத் தட்டையான, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு வருகிறது. கரையருகே உருண்டு மெலிந்து, முகத்துவாரத்தில் நுழைந்து, ஆறு ஏறி, ஓடை ஏறி, பாறை ஏறி, ஏதோ ஒரு கயத்தில் போய் அடங்குகிறது. அங்கே வருஷக்கணக்கில் வளர்கிறது. பருவம் வந்ததும் உடம்பு வெள்ளி நிறமாகும், கண் பெரிதாகும், குடல் சுருங்கும். பிறகு சாப்பிடுவதில்லை. ஒரு புதுவெள்ளத்து இரவில் கீழே இறங்கிக் கடலுக்குப் போய், முட்டையிட்டு, அங்கேயே முடிந்துவிடும். ஐரோப்பிய விலாங்கு எங்கே முட்டையிடுகிறது என்று தேடி டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் 1904 தொடங்கி ஏறக்குறைய இருபது வருஷம் அட்லாண்டிக் கடலைச் சலித்தார். கிடைத்த குஞ்சுகளின் அளவு எந்தப் பக்கம் போகப் போகக் குறைகிறது என்று பார்த்துப் பார்த்தே சர்காசோ கடலைச் சுட்டினார்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று விலாங்கைப் பழிப்பதுண்டு. உண்மையில் அது இரண்டு முகம் காட்டுவது உப்புக்கும் நன்னீருக்கும். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது. கொண்டைக்கடலையை நல்ல தண்ணீரில் போட்டால் ஊதிப்போகிறது. மீனுக்கும் இதே பாடுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எங்கள் ஓடையில் அரை கிராம்கூட இருக்காது. மீனின் இரத்தத்தில் ஏறக்குறைய 9, 10 கிராம். கடலில் இருக்கும்போது உடம்பிலுள்ள நீர் வெளியே இழுபடும். அதனால் மீன் கடல்நீரைக் குடிக்கிறது, மிஞ்சிய உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. நன்னீருக்கு வந்ததும் எல்லாம் தலைகீழ். தண்ணீர் தானாக உள்ளே ஏறுகிறது, குடிக்கத் தேவையில்லை, ஓயாமல் சிறுநீர் கழிக்க வேண்டும், அதே செவுள் இப்போது உப்பை உள்ளே இழுக்க வேண்டும். பெரும்பாலான மீன்களால் இந்த மாற்றம் முடியாது. முடிகிற மீன்களும் முகத்துவாரத்தில் உப்பும் நன்னீரும் கலந்த நீரில் தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் கடக்கின்றன.

விலாங்குக்கு நேர் எதிர்த் திசை உல்லத்துக்கு. உல்லம் வாழ்வது கடலில். முட்டையிட ஆறு ஏறும். காவிரியிலும் ஒரு காலத்தில் ஏறியது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டியதில் முதல் தடை. 1934-ல் மேட்டூர் வந்ததும் அதற்கு மேலே உல்லம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. ஆற்றுக்குள்ளேயே கீழிருந்து மேலே போய் முட்டையிட்டுத் திரும்பும் மீன்களும் உண்டு. பவானியிலும் மாயாற்றிலும் இருக்கும் பூமீன் கெண்டை அப்படி. மகசீர் என்றால் பலருக்குத் தெரியும். உலகில் மிக அருகிப்போன மீன்களில் ஒன்றான காவிரியின் திமில் மகசீர், மாயாற்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்து மலையாளிகள் "ஊத்த" என்று சொல்வதும் இந்த எதிரேற்றத்தைத்தான். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், வயிறு நிறைய முட்டையோடு வாய்க்காலும் வயலும் ஏறிவரும் மீன். அதைப் பிடிப்பதைக் கேரளத்தில் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். நம் பக்கம் இன்னும் கூடை வைத்து அள்ளுகிறோம்.

ஒரே மாவட்டம், இரண்டு கடல்

அணையை எப்படிக் கட்டுவது என்று யோசிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் ஓடை எந்தக் கடலுக்குப் போகிறது? நீலகிரியில் இது ஊருக்கு ஊர் மாறும்.

என் தங்கையைக் கோத்தகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் நீர் கேத்தரின் அருவியில் விழுந்து, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையத்தருகே பவானியில் சேர்ந்து, காவிரியாகி வங்கக் கடலுக்குப் போகும். வங்கக் கடலில் பிறந்த ஒரு விலாங்குக் குஞ்சு அவள் வீட்டுப் பின்புறம் வந்து சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழணை, முக்கொம்பு, மாயனூர் கதவணை, ஜேடர்பாளையம், பவானிக்குள் திரும்பினால் காலிங்கராயன் அணை, கொடிவேரி, எல்லாவற்றையும் தாண்டி 1955-ல் கட்டிய பவானிசாகர். இவை என் நினைவிலிருந்து சொல்பவை மட்டும். நடுவில் மின்சாரத்துக்கான கதவணைகள் தனி. இத்தனையும் தாண்டினாலும் கடைசியில் கேத்தரின் அருவி செங்குத்தாக நிற்கிறது.

எங்கள் ஓடை பாண்டியாறு, புன்னம்புழா வழியாகச் சாலியாற்றில் சேர்கிறது. சாலியாறு 169 கிலோமீட்டர் ஓடி, கோழிக்கோடு பேப்பூரில் அரபிக்கடலில் கலக்கிறது. கீழே கவணக்கல்லில் உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்க ஷட்டர் வைத்த ரெகுலேட்டர் பாலம் உண்டு. மழைக்காலத்தில் ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். குஞ்சு ஏறும் காலமும் அதுதான். பவானிசாகர் போன்ற ஒரு சுவர் இந்த வழியில் இல்லை. அருவிகள் உண்டு, ஆனால் ஈரப்பாறை விலாங்குக் குட்டிக்குச் சுவரே இல்லை, படிக்கட்டு. ஆக, பேப்பூர் முகத்துவாரத்திலிருந்து எங்கள் ஊர் வரை கிட்டத்தட்ட திறந்த வழி. அந்த வழியில் எங்கள் கையால் பூட்டிய கதவு எங்கள் தடுப்பணை. அந்த இரவுக்குப் பிறகு என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

இனி எங்கள் முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

வரைபடத்தில் உள்ளபடியே கட்டுவது. செலவுக்குப் பணம் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் தயார், கோடையில் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் நிற்கும். இதைக் குறைத்துப் பேச மாட்டேன். மார்ச், ஏப்ரலில் குடத்தோடு நிற்பது நாங்கள்தான், வரைபடம் போட்டவர்கள் இல்லை. ஆனால் உயரம் 2.3 மீட்டராகிவிட்டால், இப்போது பாசியில் பாதி ஏறி விழுகிற குட்டிக்கு அந்தப் பாதியும் போய்விடும். புதுப்பூச்சில் பாசி பிடிக்கவே இரண்டு மழை ஆகும். அதோடு, எங்கள் அணையில் தண்ணீர் குறைவதற்கு உயரம் காரணமே இல்லை. உள்ளே மண் மேடிட்டுப் பாதி தூர்ந்து கிடக்கிறது. அதை வாரினாலே உயர்த்துகிற அளவுக்கு இடம் கிடைக்கும் என்று மேஸ்திரியே சொல்கிறார்.

அணையை எடுத்தேவிடுவது. மனசுக்கு மிகவும் பிடித்த வழி, எங்களால் முடியாத வழி. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில் இருந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தார்கள். நூறு வருஷம் மேலே போக முடியாதிருந்த சால்மன் திரும்ப ஏறியது. அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வானவில் டிரவுட்டின் கதை. அணைக்கு மேலே மாட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக வெறும் ஆற்று மீனாக வாழ்ந்த டிரவுட்டின் வம்சம், வழி திறந்ததும் கடலுக்குப் போய், ஸ்டீல்ஹெட் என்கிற கடலோடி மீனாக வளர்ந்து திரும்பி வந்தது. அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் வைத்து நம் மலையில் வளர்த்தார்களே, அதே வானவில் டிரவுட்தான். ஊட்டி மேட்டுநிலத்து ஓடைகளில் அது நீந்தும்போது உள்ளே ஒரு கடல் உறங்கிக்கொண்டிருக்கிறது என்று அதைப் படித்ததிலிருந்து நினைத்துக்கொள்கிறேன். எங்கள் அணையை எடுத்தால் குடிநீருக்கு ஓடைக்கடியில் சல்லி நிரப்பி, துளையிட்ட குழாய் புதைத்து எடுக்க வேண்டும். அதற்கேற்ற மணல் படுகை எங்கள் ஓடையில் இல்லை, பாறைதான். படுகை உள்ள ஊர்க்காரர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மீன் ஏணி என்று எல்லோரும் சொல்வது

கூட்டத்தில் முதலில் எழுந்த யோசனை இது. படி படியாகத் தொட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழியும், மீன் ஒவ்வொன்றாகக் கடந்து ஏறும். ஸ்காட்லாந்தில் பிட்லாக்ரி என்ற ஊரில் 34 தொட்டிகளோடு 310 மீட்டர் நீளத்துக்கு இப்படி ஓர் ஏணி இருக்கிறது. படம் பார்த்த எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனால் அது சால்மனுக்குக் கட்டியது. சால்மன் துள்ளும் மீன். விலாங்கு துள்ளாது, ஊரும். உல்லமும் இப்படித் தாவாது. பெரிய அணைகளில் மீனுக்கென்று வழி வைத்தும் பலிக்காத கதை நம் நாட்டிலேயே உண்டு. 1975-ல் இயங்கத் தொடங்கிய ஃபரக்கா தடுப்பணையில் மீனுக்கு லாக், அதாவது நீர் மட்டத்தை ஏற்றி இறக்கி மீனைக் கடத்தும் கதவறை, வைத்தார்கள். அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த உல்லம் அங்கே அருகியே போனது.

எங்கள் அளவுக்கு வருகிறேன். சின்ன மீன் ஏற வேண்டுமென்றால் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் 15 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 1.8 மீட்டருக்குப் பன்னிரண்டு படி. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒன்றரை மீட்டர் என்றாலும் 18 மீட்டர் கான்கிரீட். அதில் எப்போதும் தண்ணீர் ஓட வேண்டும். பிப்ரவரியில் எங்கள் ஓடையே விரல் தண்டி. ஜூலை வெள்ளத்தில் தொட்டி தொட்டியாகக் கல்லும் சருகும் வந்து அடையும், யாராவது வார வேண்டும். எதற்காக இவ்வளவு? தொலைவிலிருந்து வருவது விலாங்கு ஒன்றுதான். மற்ற மீன்கள் கீழேயுள்ள அருவியைத் தாண்டியே வருவதில்லை. ஏணி வேண்டாம் என்பது என் முடிவு. அழகாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கல் சரிவு எனக்குப் பிடித்தது. அணையின் ஒரு பக்கத்தில் பெரிய கற்களைப் பதித்து, ஓடையே மெல்ல ஏறுவதுபோல் ஒரு சரிவு அமைப்பது. கல் இடுக்கில் வேகம் குறையும், எங்கள் ஓடையிலேயே இருக்கும் அயிரையும் கல்லொட்டியும் சின்னக் கெண்டையும் நின்று நின்று ஏறும். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் ஏதாவது ஒரு ஓரத்தில் அவற்றுக்கேற்ற வழி இருக்கும். ஏணியில் இது கிடையாது. சிக்கல் நீளம்தான். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்பது சின்ன மீனுக்கான நல்ல கணக்கு. எங்களுக்கு 36 மீட்டர் வேண்டும். அவ்வளவு தூரம் போனால் பக்கத்துத் தோட்டத்து ஏலச்செடிக்குள் நுழைந்துவிடுவோம். அணையின் உயரத்தைக் குறைத்தால் சரிவும் குறையும். இங்கேதான் மேஸ்திரி ஒரு நல்ல வழி சொன்னார். உடைந்த இடது ஓரத்தை முழு உயரத்துக்கு அடைக்காமல், அரை மீட்டர் தாழ்வாக விட்டு, அங்கிருந்து கீழே கற்களை அடுக்கிவிடலாம். குழாய் வாய் அதைவிடக் கீழேதான் இருக்கிறது, தண்ணீர் எடுப்பதற்குக் குறைவில்லை. 1.3 மீட்டருக்கு 26 மீட்டர் வேண்டும், கிடைப்பது 14. கெண்டைக்கு அது செங்குத்துதான். கல்லில் வாயை ஒட்டி ஏறும் கல்லொட்டிக்குப் போதும் என்று நம்புகிறேன்.

கயிறும் கால்மிதியும்

இதைத்தான் நான் அதிகம் ஆராய்ந்தேன். விலாங்குக் குட்டிக்குத் தேவை நீந்துவதற்கான தண்ணீர் இல்லை, சொரசொரப்பும் ஈரமும். நியூசிலாந்தில் சாலைக்கடியில் போகும் குழாய்களின் வாய் உயரமாக நின்றுவிட்டால், கடற்சிப்பி வளர்க்கப் பயன்படுத்தும் நார் பிதுங்கிய கயிற்றைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சின்ன மீன்கள் அதன் நாரைப் பற்றி ஏறுகின்றன. ஐரோப்பாவில் தூரிகை போல மயிர் நட்ட பலகைகளைச் சாய்த்து வைத்து, மேலிருந்து சொட்டச் சொட்டத் தண்ணீர் விடுகிறார்கள்.

நமக்குத் தேங்காய் நார் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கெட்டியான நார்க் கால்மிதியைக் கையால் தடவிப் பாருங்கள். பாசி படிந்த பாறையைத் தடவுவதுபோல இருக்கும். 30 டிகிரி சாய்வில் பலகை வைத்தால் 1.8 மீட்டர் உயரத்துக்கு 3.6 மீட்டர் நீளம். அதன்மேல் கால்மிதிகளை வரிசையாக ஆணியடித்து, மேலே இரண்டு வடக் கயிறு. அவ்வளவுதான் கட்டுமானம். நைலான் கயிறு பல வருஷம் உழைக்கும் என்று ஒருவர் சொன்னார். அது தேய்ந்து உதிர்வது நாங்கள் குடிக்கிற தண்ணீரில். நார் மக்கும், வருஷா வருஷம் மாற்ற வேண்டும். மாற்றிக்கொள்வோம்.

கவனிக்க வேண்டியவை நாலைந்து உண்டு. பலகையின் அடி, தண்ணீர் விழுந்து கொந்தளிக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. பக்கத்தில், குட்டிகள் கூடும் ஓரத்தில் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு இரவு டார்ச் அடித்துப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் குறித்தோம். மேல் முனை, வழியும் நீரில் முடிந்தால் ஏறி வந்த குட்டியை வெள்ளம் திரும்ப உருட்டிவிடும். அதனால் அணைக்கு உள்பக்கம் அசையாத நீரில் கொண்டுபோய் முடிக்க வேண்டும், குடிநீர்க் குழாயின் வாயிலிருந்து தள்ளி. குழாய் வாயில் நெருக்கமான வலை கட்டாயம். இல்லையென்றால் விலாங்கு யாராவது வீட்டுத் தொட்டியில் வந்து நிற்கும். பலகைக்கு மேலே பிளந்த மூங்கிலால் ஒரு மூடி, கொக்குக்கும் நண்டுக்கும் தீனியாகாமலிருக்க. இன்னொன்றை யாரும் நினைப்பதில்லை. வளர்ந்த விலாங்கு கீழே இறங்க வேண்டும். அணைக்கு அடியில் சிமென்ட் தளம் போட்டால் அதன்மேல் விழுந்து அடிபடும். தளத்துக்குப் பதிலாக ஆழமான ஒரு குழி இருந்தால் தண்ணீரோடு விழுந்து தண்ணீரிலேயே போய்விடும். வரைபடத்தில் தளம்தான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்வதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

வாளியில் பிடித்து மேலே கொண்டுபோய் விடலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டில் பெரிய அணைகளில் லாரி வைத்தே செய்கிறார்கள். ஒரு ஜூன் மாதத்துக்கு எங்கள் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள். பத்தாவது வருஷம் யார் செய்வார்கள்?

தங்கை வீட்டுக் கதை வேறு

எங்கள் பேச்சைக் கேட்டு, தன் ஊர்த் தடுப்பணைக்கும் கயிறு கட்டலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளுக்குக் கோபம். "உங்க ஊரு மீனுக்கு ஒரு நியாயம், எங்க ஊரு மீனுக்கு ஒரு நியாயமாக்கா?" என்றாள்.

நியாயம் ஒன்றுதான், சுவருக்குக் கீழே நிற்கும் மீன்தான் வேறு. பவானிசாகரும் கேத்தரின் அருவியும் இருக்கும்வரை கீழிருந்து அவள் ஓடைக்கு மீன் வரப்போவதில்லை. அவள் அணைக்குக் கீழே இருப்பது என்ன என்று போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். பண்ணைக்குட்டை உடைந்து ஓடையில் கலந்த ஜிலேபிக் கெண்டை. கரையோரம் ஓர் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. அணைக்கு மேலே, சோலை நிழலில், இன்னும் சின்னச் சின்ன நாட்டு மீன்கள் இருக்கின்றன. அங்கே சரிவோ ஏணியோ வைப்பது கெளுத்திக்குக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுவது. அவள் ஊரில் அந்தச் சுவர் காவல். இருக்கட்டும். பணம் மிஞ்சினால் தேயிலைச் சரிவிலிருந்து மண் அரித்து ஓடைக்குள் வராமல் ஓரத்தில் மரம் வைக்கச் சொன்னேன்.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே, மலையடிவாரத்தில், பவானியில் நேராகச் சேரும் ஓடைகளில் யாராவது தடுப்பணை வைத்திருந்தால், அவர்களுக்கு எங்கள் இருவர் பதிலும் பொருந்தாது. அங்கே விலாங்குக்குப் பவானிசாகர் வழி விடாது; ஆனால் பூமீன் கெண்டை கூழாங்கல் படுகை தேடி ஏறி வரும். அந்த மீனுக்குக் கயிறு எதற்கும் ஆகாது. கல் சரிவுக்கு இடம் இருந்தால் அதுதான், இல்லையென்றால் அணையைத் தாழ்த்துவதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூன்று விஷயம் தீர்மானமானது. அணையை உயர்த்துவதில்லை, தூர் வாருவது. இடது ஓரத்தைத் தாழ விட்டுக் கல் அடுக்குவது. வலது ஓரத்தில் நார்ப் பலகை. அடித்தளத்துக்குப் பதில் குழி என்பதற்குப் பொறியாளர் இன்னும் தலையசைக்கவில்லை. ஓடை ஓரம் வனத்துறை எல்லைக்குள் வருவதால் அவர்களிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பலகையை வருஷம் ஒருமுறை மே மாதக் கடைசியில் மாற்றும் பொறுப்பைக் குடிநீர்க் குழுவே எடுத்துக்கொண்டது, தொட்டி கழுவும் அன்றே அதையும் செய்துவிடுவதாக.

வடக் கயிறு இருபது மீட்டர் வாங்கியாயிற்று. மாமா அதை இரண்டு நாளாக ஓடையில் கல்லைக் கட்டி ஊறப்போட்டிருக்கிறார். புதுக்கயிற்றின் வாடை போகாமல் விலாங்கு கிட்ட வராதாம்.